ஊட்டியில் கீழ் ரூம்

1. வந்து இறங்கிய இடம்

பஸ் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் லாட்ஜின் மொட்டைமாடிதான் தெரிந்தது. ரூம்கள் எல்லாம் ரோட்டுக்குக் கீழே, மலைச்சரிவில் இருந்தன. போர்டுக்குப் பக்கத்தில் படிக்கட்டு செங்குத்தாக இறங்கிப் போயிற்று. காலை நேரம், தூறல் வேறு. பேச்சியம்மாள் பஸ் ஜன்னல் வழியாக அந்தப் படிகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

திருத்தங்கல் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனுக்கு நான் சூப்பர்வைசர். எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுதான் என் படிப்பு. ஆனால் நான் பார்த்து அனுப்பிய லோடு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமும் இல்லை. தீபாவளி முடிந்து கம்பெனி லீவு விட்டதும் முதலாளி எங்களை டூர் அனுப்புவார். ரூம் பிடிப்பது என் வேலை. செல்போன் எல்லார் கையிலும் வராத நேரம் அது. அந்த வருசம் ஊட்டி என்று முடிவாயிற்று.

பேச்சி முன்பு மருந்து செலுத்துகிற ரூமில் இருந்தவள். எங்களுக்கு மருந்து என்றால் வெடிமருந்து. அங்கே வெடித்ததில் இரண்டு கால்களும் முழங்காலோடு போயின. அதன்பிறகு என் செக்‌ஷனில் வீல்சேரில் இருந்தபடி லேபிள் ஒட்டினாள். டூருக்குப் பெயர் கொடுக்கும்போது ஒரே ஒரு கண்டிஷன் போட்டாள்.

"யக்கா, நான் வாரேன். ஆனா என்னைய யாரும் தூக்கக் கூடாது. வெடிச்ச அன்னைக்கு சாக்குல போட்டுத் தூக்கிட்டு ஓடுனாக. அதோட போதும்."

பக்கத்தில் இருந்தவள் கிண்டல் செய்தாள். "நீ மட்டும் சேரோட வாரே. எங்களுக்குக் கால் வலிச்சா?"

"மடியில ஏத்திக்கிருதேன் வா. டிக்கெட்டை மட்டும் ஒளுங்கா எடுத்துரு."

இரண்டு மூன்று படி என்றால் அவளே கையை ஊன்றி ஏறிவிடுவாள். பஸ்ஸில் அப்படித்தான் ஏறினாள். அதனால் நான் எஸ்.டி.டி. பூத்தில் இருந்து லாட்ஜுக்குப் பேசும்போது கவனமாகக் கேட்டேன்.

"கீழ் ரூம் இருக்கா?"

"எல்லாமே கீழதானுங்கம்மா. கீழயே போட்டுத் தர்றனுங்க."

அந்த ஆள் பொய் சொல்லவில்லை. எங்கள் ஊர் முழுக்கச் சமதரை. பட்டாசு ரூமுக்கு மாடி கிடையாது. வெடித்தால் வாசலைத் தாண்டி நேரே ஓடணும். கீழ் ரூம் என்றால் எங்களுக்குத் தரையோடு தரையாக உள்ள ரூம். மலையில் கீழ் என்றால் ரோட்டுக்குக் கீழே.

2. சிலிண்டருக்குப் போட்ட சரிவு

லோடுமேன் கருப்பசாமி பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்தான். "மதினி, ரெண்டே நிமிசம். நானும் டிரைவரும் தூக்கிருவோம்."

"நீ போய் டீயக் குடி கருப்பசாமி," என்றாள் பேச்சி.

நான் பேக்கிங் கயிற்றை எடுத்து வீல்சேரின் அகலத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டேன். குடை இல்லை. முந்தானையைத் தலையில் போட்டு நடந்தேன்.

பெரிய ஹோட்டல் ஒன்றில் கார் வந்து நிற்க வழவழவென்று சரிவு இருந்தது, லிஃப்டும் இருந்தது. வாடகையைக் கேட்டுவிட்டுத் திரும்பினேன். அடுத்த லாட்ஜில் ரூம் ரோட்டு மட்டத்திலேயே இருந்தது. சந்தோஷப்பட்டுப் பாத்ரூம் கதவில் கயிற்றைப் பிடித்தேன். முடிச்சு வாசலைத் தாண்டிச் சுவரில் கிடந்தது. உள்ளே வீல்சேர் போகாது. இன்னொன்றில் பின்பக்கம் சிமெண்டுச் சரிவு ஒன்று பார்த்தேன்.

"அது கேஸ் சிலிண்டர் உருட்டறதுக்குங்கம்மா," என்றான் அங்கே இருந்த ஆள்.

"எங்ககூட வீல்சேர்ல வந்தவளையும் அது வழியாவே கொண்டு வந்துக்கிருதோம்."

"கிச்சனுக்குள்ள கெஸ்டு வரப்படாதுங்க. மொதலாளி சத்தம் போடுவாரு."

இரும்பு சிலிண்டர் வலிக்காமல் இறங்க ஒருவர் யோசித்துச் சரிவு போட்டிருக்கிறார். அதையும் மனுசிக்குத் தர மனசு வரவில்லை. எங்கே கேட்டாலும் கடைசியில் ஒரே பதில்தான் வந்தது: "ரெண்டு பேர் பிடிச்சுத் தூக்குனா வந்துரலாமேம்மா." அதைச் சொல்லும்போது எல்லாரும் அன்பாகத்தான் சிரித்தார்கள்.

3. சொல் தவறியது

நான் திரும்பி வந்தபோது மற்றவர்கள் குளித்துச் சாப்பிட்டு ஏரி பார்க்கக் கிளம்பி நின்றார்கள். பேச்சி அதே சீட்டில் இருந்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. பாத்ரூம் போக வேண்டி வந்துவிடுமே என்று ஊரில் கிளம்பியதிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை என்று அப்போதுதான் சொன்னாள்.

"கிடைச்சுதா யக்கா?"

"இல்லத்தா."

"இனிமே அடக்க முடியாது. தூக்கச் சொல்லுங்க."

வீல்சேரோடு தூக்கினார்கள், கருப்பசாமி முன்பக்கம், டிரைவர் பின்பக்கம். ஈரப்படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினார்கள். கருப்பசாமி நல்லவன், அவளுக்குச் சங்கடமாக இருக்குமே என்று பேச்சுக் கொடுத்தான். "என்ன மதினி, வெயிட்டே இல்ல. குருவி வெடிப் பொட்டிகூட இதவிட கனக்கும்."

படியில் நின்றவர்கள் சிரித்தார்கள். பேச்சி முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

இருந்த இரண்டு நாளும் அவள் அந்த ரூமை விட்டு வெளியே வரவில்லை. மேலே வரவேண்டுமென்றால் மறுபடியும் தூக்க வேண்டும். கிளம்பும்போது மட்டும் தூக்கினார்கள்.

4. இப்போது நான் கேட்பது

பிறகு எங்கே ரூம் பிடித்தாலும் நான் கீழா மேலா என்று கேட்பதில்லை. வண்டி நிற்கிற இடத்திலிருந்து கட்டில் வரை எத்தனை படி, கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை எத்தனை படி, பாத்ரூம் கதவு எத்தனை சாண் என்று கேட்பேன். தூக்கிக்கொள்ளலாம் என்று எவராவது சொன்னால் போனை வைத்துவிடுவேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். வாடகை கட்டுப்படியாகிற இடத்தில் இதற்கெல்லாம் பதில் வைத்திருக்கிற ஆளை நான் அதிகம் பார்த்ததில்லை.

அடுத்த வருசம் டூர் திருச்செந்தூருக்கு. கடற்கரை ஊர், படி இல்லாத ரூம் பார்த்துவிட்டேன். பேச்சி பெயர் கொடுக்கவில்லை. நான் போய்க் கேட்டதற்கு, "நீங்க போயிட்டு வாங்க யக்கா," என்று லேபிளில் இருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள். மேனேஜர் அவளுக்கு டூருக்குப் பதிலாக ஒரு சேலை எடுத்துக் கொடுத்தார். முதலாளி விசாரித்தபோது மேனேஜர், "நாம கூப்பிட்டோம், அவுகளாத்தான் வரலைன்னுட்டாக," என்றார். அதுவும் பொய் இல்லை.

அவர்களாகத்தான் வரவில்லை என்று யாரைப் பற்றி யார் சொன்னாலும், இப்போது நான் தலையாட்டுவதில்லை.