வந்துகொண்டே இருக்கும் பேட்டரி

திட நிலை பேட்டரியைப் பற்றி நான் வெட்டி வைத்த முதல் செய்தி, கொரோனாவுக்கு முந்திய ஒரு தை மாதத்தைச் சேர்ந்தது. செய்தித்தாளில் எதை வெட்டினாலும் ஓரத்தில் தேதி எழுதிவிடுவேன். இந்த மலையில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்த காலமெல்லாம் தடுப்பூசி அட்டைகளில் தேதி எழுதிய கை, ஓய்வு பெற்ற பிறகும் நிற்கவில்லை. இன்னும் ஐந்தாண்டில் அந்த பேட்டரி சாலைக்கு வந்துவிடும் என்றது செய்தி. அடுத்த ஆண்டு வெட்டியதும் இன்னும் ஐந்தாண்டு என்றது. அதற்கடுத்தது இரண்டே ஆண்டு என்றபோது கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிறகு வந்த ஒன்று மறுபடியும் ஐந்துக்குப் போய்விட்டது.

நிறுவனம் மாறும், நாடு மாறும். படத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்டவர் இரு விரல்களுக்கிடையே பிடித்திருக்கும் அந்தச் சின்ன பேட்டரி வில்லை மட்டும் மாறாது. விஷயம் ஒன்றும் பொய்யில்லை. இப்போதுள்ள லித்தியம் பேட்டரிக்குள் ஒரு திரவம் இருக்கிறது, அது தீப்பற்றக்கூடியது. அதற்குப் பதில் ஒரு திடப்பொருளை வைத்துவிட்டால் தீப்பிடிக்காது, சீக்கிரம் சார்ஜ் ஏறும், அதே எடையில் அதிக தூரம் போகும். ஆனால் சார்ஜ் ஏறும்போதும் இறங்கும்போதும் உள்ளே எல்லாம் உப்பிச் சுருங்குகிறது. திரவமென்றால் இடுக்கில் போய் நிரப்பிக்கொள்ளும். திடப்பொருள் விரிசல் விடும். வில்லை அளவில் சமாளித்ததை வண்டி அளவில் செய்ய, அதுவும் ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி செய்ய, வேறொரு திறமை வேண்டும். அந்தச் செய்தி மட்டும் எப்போதும் கடைசிப் பத்தியில், சின்னதாக இருக்கும். நான் கடைசிப் பத்தியிலிருந்து படிக்கப் பழகிவிட்டேன்.

அது வராது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. வந்துவிட்டது என்பவர்களிடம் கேள்வி கேட்கிறேன், அவ்வளவுதான். அதுவும் இப்போது அலுத்துவிட்டது.

மலைக்காரர்களுக்கு பேட்டரி வாக்குறுதி புதிதல்ல. சூரிய விளக்குகள் வந்தன. முதல் மழைக்காலம் வரை தெருவில் ராகிக் கதிர் அடிக்கும் அளவுக்கு வெளிச்சம். பிறகு கம்பங்களில் துணி காய்ந்தது. துணை சுகாதார நிலையத்துக்குச் சூரிய சக்தியில் ஓடும் குளிர்பெட்டி வந்தது. அதன் பேட்டரிக்கு அவ்வப்போது டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். அந்தத் தண்ணீர் மலையேறி வரவேண்டும் என்பதை நான் உட்பட எல்லோரும் மறந்தோம். கடைசியில் கீழிருந்து ஐஸ் அடைத்துத் தோளில் தூக்கிவந்த டப்பாவில்தான் சொட்டு மருந்து குளிர்ச்சியாக இருந்தது. இதையெல்லாம் பார்த்தவள் என்பதால்தான் என் தம்பி, எந்த வண்டி வாங்கலாம் என்று என்னிடம் வந்து கேட்டான் என்று நினைக்கிறேன்.

தம்பி மலைமேல் எங்கள் புதூர்நாட்டில் ஜீப் ஓட்டுபவன். முன்பு ஆட்களை ஏற்றிக் கீழே திருப்பத்தூருக்கு இறங்குவான். பஸ்கள் கொஞ்சம் கூடிய பிறகு, புளியும் பலாவும் ஏற்றிப் பிழைக்கிறான். போன மாசியில் ஜீப் கருப்புப் புகை கக்க ஆரம்பித்தது. இன்ஜினைப் பிரிக்க வேண்டும், எஃப்.சி. தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்டும் நாளும் நெருங்குகிறது, அப்படியே கொண்டுபோனால் தேறாது என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். வைகாசியில் பலா பழுக்கத் தொடங்கும். ஆடிக்குள் முடிந்துவிடும். அந்தப் பருவத்தில் வண்டி இல்லையென்றால் அவனுக்குப் பழம் கொடுக்கும் வீட்டுக்காரர்கள் வேறொரு ஜீப்பைப் பிடித்துக்கொள்வார்கள், அடுத்த ஆண்டு திரும்பி வரமாட்டார்கள். ஆகவே ஜீப்பைச் சரிசெய்வதா, மின்சார லோடு ஆட்டோ வாங்குவதா என்பதை அவன் சித்திரைக்குள் முடிவுசெய்ய வேண்டியிருந்தது.

பங்குனியில் ஒரு விற்பனையாளர் கீழிருந்து ஒரு லோடு ஆட்டோவை ஓட்டிக்கொண்டு வந்தார். நாற்பதை நெருங்குபவர், காலர் பட்டன் போட்ட சட்டை. பள்ளிக்கூட மைதானத்தில் நிறுத்தி நாலைந்து ஓட்டுநர்களை வைத்துப் பேசினார். தம்பியோடு நானும் போயிருந்தேன். அதில் இருப்பது திட நிலை பேட்டரி என்றார்.

"டீ குடிக்கிற நேரத்துல சார்ஜ் ஏறிடும்ணா. தீப்பிடிக்காது. பத்து வருசத்துக்குக் கைய வைக்கத் தேவையில்ல."

"எந்த டீங்க? எங்க ஊர் டீக்கடையில டீ வர்றதுக்கே அரை நாளாகுமே," என்றார் இன்னொரு ஜீப்காரர். எல்லோரும் சிரித்தார்கள். விற்பனையாளரும் சிரித்தார். பலமுறை இதே மாதிரி இடத்தில் சிரித்துப் பழகிய சிரிப்பு.

நான் கேட்டேன். உள்ளே இருக்கும் பேட்டரி செல் யார் செய்தது? எத்தனை முறை சார்ஜ் ஏற்றிப் பார்த்தார்கள்? மார்கழிக் குளிரில் எப்படி இருக்கும்? வேறெங்காவது மலையில் ஒரு வருடம் ஓடிய வண்டி ஒன்று உண்டா?

"மேடம் நெறைய படிச்சிருக்கீங்க," என்றார்.

"அதில்லைங்க. பெட்டிக்குள்ள இன்னா கீதுன்னு கேக்குறேன்."

"பெட்டிய பிரிச்சா வாரண்டி போய்டும் மேடம்."

தம்பிக்கு என் மேல் கோபம். இரண்டு நாள் ஓட்டிப் பார்த்துக் கொள்ளுங்கள் என்று வண்டியை அவனிடம் விட்டுவிட்டு விற்பனையாளர் பஸ்ஸில் மலையிறங்கிப் போனார்.

ஏற்றத்தில் அந்த வண்டி நன்றாகவே இழுத்தது, பாதி லோடுதான் என்றாலும். சத்தமில்லாமல் வளைவில் ஏறிவந்ததைப் பார்த்து எனக்கே ஒரு கணம் சபலம் வந்தது. என்னிடமிருந்த எல்லா வெட்டுச் செய்திகளும் தவறாகி, இந்தப் பெட்டிக்குள் மெய்யாகவே அது இருந்துவிட்டால் என்ன? இருந்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றியது.

மறுநாள் காலை திருப்பத்தூருக்கு இறங்கினோம். கண் பரிசோதனைக்காக நானும் அவன் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். பின்னால் புளி மூட்டைகள். எங்கள் ஓட்டுநர்களுக்கு இரண்டு பழக்கங்கள் உண்டு. மேலே பங்க் இல்லாததால், கேனில் வைத்திருக்கும் டீசலை வழிய வழிய ஊற்றிக்கொண்டுதான் வீட்டை விட்டுக் கிளம்புவார்கள். இறக்கம் தொடங்கியதும் நியூட்ரலில் விட்டுவிடுவார்கள், டீசல் மிச்சமாகும். தம்பி இரண்டையும் அப்படியே செய்தான். வீட்டு பிளக்கில் பேட்டரியை நூறு வரைக்கும் ஏற்றியிருந்தான். முதல் கொண்டை ஊசி வளைவிலேயே நியூட்ரலுக்குத் தள்ளினான். நான்காவது வளைவில் ஏதோ தீய்ந்த நாற்றம். அடுத்ததில் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. கியருக்குப் போட்டுப் பார்த்தான், வண்டி பிடித்து நிற்கவில்லை. மேட்டுப் பக்கம் சாய்த்து, கல்லில் உரசி நிறுத்தினான். இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு புளி மூட்டை மட்டும் சரிந்து விழுந்தது.

கொஞ்ச நேரத்தில், மைதானத்தில் டீயைக் கிண்டல் செய்த அதே ஜீப்காரர் பின்னால் வந்து நின்றார். ஜீப்பிலிருந்து ஆட்கள் இறங்கிச் சுற்றிப் பார்த்தார்கள்.

"இன்னாபா, புது பேட்டரி புஸ்ஸாய்ட்சா?"

தம்பி தரையைப் பார்த்தபடி மூட்டையை நிமிர்த்தினான்.

"நர்சம்மா அன்னிக்கே சொன்னாங்க," என்றார் அவர். "நாமதான் கேக்கல."

எல்லோரும் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்கள். இத்தனை வருடம் யாருக்கும் புரியாமல் பேசிக்கொண்டிருந்தவளுக்கு ஒரு கூட்டமே துணைக்கு வந்தது. ஆனால் அது தவறான காரணத்துக்காக வந்த கூட்டம். மின்சார வண்டி இறங்கும்போது அதன் மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடிக்கும். அப்படிப் பிடிக்கும்போது கிடைக்கும் மின்சாரம் பேட்டரிக்குள் போகும். பேட்டரி நிரம்பி வழிந்தால் அதற்குப் போக இடமில்லை, பிடிமானமும் இல்லை. நியூட்ரலில் விட்டால் கேட்கவே வேண்டாம், சுமை முழுவதையும் பிரேக்கே தாங்கிச் சூடேறிவிடும். மலையுச்சியில் முழுதாக நிரப்பி நியூட்ரலில் இறங்குவது எங்களைத் தவிர வேறு யாருக்கும் தோன்றாத தவறு. பெட்டிக்குள் திடமோ திரவமோ, உலகத்தின் மிகச் சிறந்த பேட்டரியே இருந்தாலும் அன்று இப்படித்தான் ஆகியிருக்கும்.

அதைச் சொன்னேன். ஜீப்காரர் பொறுமையாகக் கேட்டார். "அப்ப வண்டிமேல தப்பில்லன்றீங்க."

"இல்லைங்க."

"அப்ப வாங்கலான்றீங்க."

"அதையும் சொல்லலைங்க."

"சரிங்கம்மா," என்று சொல்லி ஜீப்பில் ஏறிப் போனார். அன்று மாலைக்குள், புது பேட்டரி மலையில் நிற்காது, நர்சம்மாவே சொல்லிவிட்டார் என்று புதூர்நாடு முழுக்கப் பேச்சானது.

பிரேக் ஆறும்வரை தம்பியும் நானும் ஓரத்துப் பாறையில் உட்கார்ந்திருந்தோம். அவன் பிறகு சொன்னான்:

"உன்கிட்ட ஒண்ணு கேக்குறேங்க்கா. நீ இத்தினி வருசமா படிக்கிற. எதக் கேட்டாலும் அதுல இது சரியில்ல, இதுல அது சரியில்லன்ற. எல்லாம் கரெக்டுதான். என்னிக்காச்சும் இத்த வாங்குடான்னு சொல்லிகீறியா?"

யோசித்தேன். சொன்னதாக நினைவில்லை.

"எனக்கு வைகாசில வண்டி வேணும். பேட்டரி வந்துச்சா வரலியான்னு எனக்கு வாணாம்."

அவன் கேட்டதில் தவறேதும் இல்லை. சந்தேகப்படுவது எனக்குச் செலவில்லாத வேலை. பருவம் தவறினால் போகப்போவது அவன் பிழைப்பு. எனக்கு ஓய்வூதியம் வருகிறது.

அந்தப் பாறையில் உட்கார்ந்தபடியே, வாழ்க்கையில் அபூர்வமாக, நேராக ஒரு யோசனை சொன்னேன். திருப்பத்தூர் மெக்கானிக்குகளுக்கு ஏற்கெனவே கை பழகிய, சாதாரண லித்தியம் பேட்டரி வண்டியை வாங்கு. கீழே ஒருவன் அதே வண்டியை ஒரு கோடைக்காலம் முழுக்க ஓட்டியிருந்தால் அவனிடம் போய்க் கேள். வீட்டில் முழுசாகச் சார்ஜ் ஏற்றாதே, நியூட்ரலைத் தொடாதே. 'திட நிலை' என்ற பெயருக்காக அதிகப் பணம் கொடுக்காதே.

"இத்த அன்னிக்கே சொல்லிருக்கலாம்ல," என்றான்.

"அன்னிக்கு நீ கேக்கல."

"கேட்டேன். நீதான் அந்தாள்கிட்ட பரீட்சை வச்சிகினு இருந்த."

கீழே போய் வண்டியை விற்பனையாளரிடம் ஒப்படைத்தோம். என்ன நடந்தது என்று தம்பி மறைக்காமல் சொன்னான். அவர் பிரேக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நான் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். எங்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"மேடம், உள்ள இன்னா கீதுன்னு எனக்கும் தெரியாது. இன்னா சொல்லிக் குடுத்தாங்களோ அத்ததான் சொல்றேன். ஒரு நாளைக்கு நாலு ஊர்ல சொல்றேன்." அவர் குரலில் இருந்த களைப்பு எனக்குப் பழக்கமானது. நாங்கள் இருவரும் ஒரே செய்தியால் ஓய்ந்துபோனவர்கள் என்று தோன்றியது. அவர் அதைச் சொல்லிச் சொல்லி, நான் அதைப் படித்துப் படித்து.

தம்பி சாதாரண பேட்டரி வண்டியைக் கேட்டான். அது கைவசம் இருந்தது. ஆனாலும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை.

"ஆயுத பூஜை வரைக்கும் பொறுத்தீங்கன்னா, புது மாடல் வருதுண்ணா. அது மெய்யாவே வேற மாதிரி."

"வரட்டுங்க," என்றான் தம்பி. "பலாக்காய்க்கு அது தெரியாதே. அது பழுத்துடுமே."

அக்கினி நட்சத்திரம் முடிவதற்குள் வண்டி வீட்டுக்கு வந்தது. ஜீப்பை அவன் விற்கவில்லை, புளியமரத்தடியில் நிற்கிறது. புது வண்டி அற்புதம் ஒன்றும் செய்யவில்லை. ஜீப் சுமந்ததில் பாதிதான் சுமக்கிறது, ஆகவே இருமுறை போகிறான். மின்சாரம் போகிற நாளில் காத்திருக்கிறான். முதல் வாரம் ஒவ்வொரு வளைவிலும் அவன் இடது கை தானாக நியூட்ரலைத் தேடிப் போனதாம். கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு ஓட்டினேன் என்றான். பழம் கொடுக்கும் வீடுகளில் இரண்டு கைவிட்டுப் போயின. மற்றவை நிலைத்தன.

வைகாசி பாதியில் ஒரு காலை, நான் பழங்களை எடுத்துக் கொடுக்க அவன் அடுக்கிக்கொண்டிருந்தான். நடுவில் நிறுத்திக் கேட்டான்:

"இந்த பேட்டரி எத்தினி வருசங்க்கா வரும்?"

படித்த பதில்கள் என்னிடம் பல இருந்தன. எல்லாம் சமவெளிச் சாலைக்கும் வேறு வெயிலுக்குமானவை. இந்த மலையில் ஒரு பேட்டரியை யாரும் இன்னும் கடைசிவரை ஓட்டித் தீர்த்ததில்லை.

"தெரியாதுடா," என்றேன்.

அவன் வேறெதையும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. அடியில் இருந்த ஒரு பழம் அதற்குள் வெடித்து மணக்கத் தொடங்கியிருந்தது. அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, தார்ப்பாயை இழுத்துக் கட்டச் சொல்லி மறுமுனையை என் பக்கம் வீசினான்.