பத்தாம் இலக்க வீட்டில் மாதா

ஒக்டோபர் பதினேழாம் திகதி, செவ்வாய்க்கிழமை, மாலை ஆறு மணி நாற்பது நிமிடத்துக்கு, கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையின் ஒன்பதாம் இலக்க வீட்டு வாசலில், மாதா சுரூபத்தை இரு கைகளாலும் மார்போடு அணைத்தபடி நான் நின்றிருந்தேன். மழை விட்டு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சீமெந்துத் தரையிலிருந்து ஈரச் சூடு எழுந்தது. துறைமுகப் பக்கமிருந்து வந்த டீசல் மணத்தோடு எனக்குப் பின்னால் எரிந்த மெழுகுதிரிகளின் மணமும் கலந்திருந்தது. சுண்ணத்தில் செய்து நீலம் பூசிய அந்தச் சுரூபம் ஒன்றரை அடி உயரந்தான். ஆனால் தூக்கினால் கை கடுக்கும். பாதத்தருகே பூச்சு உதிர்ந்திருந்ததால் என் உள்ளங்கையில் வெள்ளைப் பொடி ஒட்டியது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அன்று நான் செய்ததை எங்கள் ஒழுங்கை மனிதர்கள் இன்றுவரை "அந்தப் பிள்ளையின்ர குழப்படி" என்றே சொல்கிறார்கள். குழப்படி என்ற சொல்லை நான் மறுக்கவில்லை. அதற்காக வருந்தவேண்டும் என்பதை மட்டும் அன்றும் மறுத்தேன், இன்றும் மறுக்கிறேன்.

ஒக்டோபர் செபமாலை மாதம். அந்த மாதத்தில் மாதா வீடு வீடாகத் தங்குவார். கோயிலுக்கு அண்மையிலுள்ள ஒழுங்கைகளை முடித்துக்கொண்டு எட்டாம் திகதி எங்கள் ஒழுங்கையின் முதலாம் இலக்க வீட்டுக்கு வந்தால், அதன்பின் ஒரு மாலைக்கு ஒரு வீடு என்பது கணக்கு. இதற்கென்று சில முறைகள் இருந்தன. மாதாவை வழியனுப்பும் வீட்டில் அந்த வருடம் உறுதிப்பூசுதலுக்கு ஆயத்தமாகும் பிள்ளை இருந்தால் (உறுதிப்பூசுதல் என்பது விசுவாசத்தை உறுதிப்படுத்தும் அருட்சாதனம்), சுரூபத்தை அந்தப் பிள்ளைதான் தூக்கிக்கொண்டு முன்னே நடக்கவேண்டும்; மற்றவர்கள் பாடிக்கொண்டு பின்னே வருவார்கள். மாதாவை எடுத்துச் செல்லப்போகிற வீட்டார், அவர் தங்கியிருக்கிற வீட்டுக்குள் வந்து முழந்தாளிட்டு ஓர் "அருள்நிறை மரியே" சொல்லித்தான் அழைக்கவேண்டும். வாசலில் வைத்துக் கைமாற்றுவது மரியாதைக் குறைவு. செபம் முடிந்ததும் பிளேன்டீயும் ரோல்ஸும் கிடைக்கும். பத்து வயதுவரை நான் செபமாலையில் ஐம்பத்து மூன்று "அருள்நிறை மரியே"யையும் எண்ணிச் சொன்னது பெரும்பாலும் அந்த ரோல்ஸை நோக்கியே என்பதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

எந்த வீடு எந்த நாள் என்று பட்டியல் எழுதுபவர் பதினோராம் இலக்க வீட்டு கிளாரா அன்ரி, ஓய்வுபெற்ற ஆசிரியை. அவருடைய நீல மைப் பட்டியலில் ஒவ்வொரு வருடமும் ஒன்பதுக்குப் பிறகு பதினொன்று வந்தது. பத்தாம் இலக்கத்தில் ரீட்டா அக்கா இருந்தார். எங்கள் கோயிலிலேயே ஞானஸ்நானம் பெற்று, புதுநன்மை எடுத்து, பாடற்குழுவில் பாடியவர். ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லாருக்கும் பாடசாலைச் சீருடை தைப்பவர். முச்சக்கரவண்டி ஓட்டும் சுனில் என்ற சிங்களவரோடு அவர் வாழ்ந்தார். சுனிலின் முதல் மனைவி பிரிந்து வெளிநாடு சென்று பல வருடங்களாகியும் அந்த மணம் சட்டப்படி முறியவில்லை. ஆகவே இவர்களுக்குக் கோயிலிலும் கல்யாணமில்லை, கந்தோரிலும் பதிவெழுத்தில்லை. இதை ஒருவரும் அவர் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. அளவு கொடுக்கவும் உடுப்பு வாங்கவும் அந்த வீட்டுக்குள் போய்வந்த அதே மனிதர்கள், கையில் மெழுகுதிரி இருக்கும்போது மட்டும் அந்த வீட்டைக் காணாதவர்களாக நடந்தார்கள். ஏன் என்று நான் ஒருமுறை கேட்டபோது, "மாதாவை எங்க வைக்கிறது, எங்க வைக்கக்கூடாது எண்டு ஒரு முறை இருக்கு மகள்" என்றார் அம்மா. மாதாவுக்கு அவமரியாதை நேராமல் காப்பதாக அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள். அவர்களை நான் வஞ்சகர்கள் என்று சொல்லவில்லை. பிழையானவர்கள் என்று சொல்கிறேன்.

அந்த வருடம் உறுதிப்பூசுதல் வகுப்பில் சிஸ்டர் எங்களுக்கு ஒரு வேலை தந்திருந்தார்: தினமும் பத்து நிமிடம் தனியே இருந்து, எதையும் கேட்காமல் செபிப்பது. நான் எங்கள் மொட்டைமாடியில், தண்ணீர்த் தாங்கிக்கு அருகே உட்கார்ந்தேன். முதல் வாரம் காகங்களை எண்ணினேன். இரண்டாம் வாரம் பத்து நிமிடம் எப்போது முடியும் என்று மணிக்கூட்டைப் பார்த்தேன். மூன்றாம் வாரத்தில் ஒருநாள், பார்க்க மறந்துபோனேன். பாடசாலை விட்டு வந்து, வீடு பூட்டியிருக்க, அம்மாவின் காலடிச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துப் படியில் உட்கார்ந்திருக்கும்போது உண்டாகும் உணர்வு அது. ஒருவர் வருவார் என்பது தெரியும், இன்னும் வரவில்லை, அந்தக் காத்திருப்பே பிடித்துப்போய்விடும். கடவுளை எனக்குத் தேவைப்படும் ஒன்றாகவே அதுவரை நினைத்திருந்தேன். அவரை விரும்பவும் முடியும் என்பது அன்றுதான் தெரிந்தது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் காய்ச்சலென்று அம்மா பனடோல் தந்திருப்பார்.

அந்த மொட்டைமாடியிலிருந்துதான் ரீட்டா அக்காவின் பின்முற்றம் தெரிந்தது. மாதா எங்கள் ஒழுங்கைக்குள் வந்த நாளிலிருந்து மாலைதோறும் ஏதாவதொரு வீட்டில் செபமாலை தொடங்கியதும், அவருடைய தையல் மெசினின் சத்தம் நிற்கும். அவர் வெளியே வந்து, கவிழ்த்து வைத்த வாளியொன்றில் உட்கார்ந்து, மடியில் செபமாலையை வைத்துக்கொள்வார். செபத்தின் முதற்பாதியை அந்த வீட்டில் யாரோ சொல்வார்கள். "தூய மரியே" என்ற மறுபாதியைக் கூட்டத்தோடு சேர்ந்து ரீட்டா அக்கா தன் முற்றத்தில் தாழ்ந்த குரலில் சொல்வார். யாரும் அவருக்காகத் தொடங்காத செபத்தை அவர் ஒவ்வொரு நாளும் முடித்துக்கொண்டிருந்தார். பதினாறாம் திகதி மாதா எங்கள் வீட்டிலிருந்தார். சுவருக்கு அப்பாலிருந்து அந்தக் குரல் கேட்டது. எங்களில் அன்று மாதாவை அதிகம் விரும்பியவர் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. நான் மேற்கொண்டு யாரிடமும் ஆலோசனை கேட்கவில்லை.

ஆகவே பதினேழாம் திகதி மாலை, கிளாரா அன்ரி எங்கள் வீட்டுக்குள் வந்து முறைப்படி முழந்தாளிட்டு எழுந்தபின், நான் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு முன்னே நடந்தேன். பாட்டின் இரண்டாவது அடியில், பத்தாம் இலக்க வாசலில் நின்றேன். பின்னால் வந்தவர்கள் ஒருவரோடொருவர் முட்டிக்கொண்டார்கள்.

"என்ன பிள்ளை, கால் தடக்கினதோ?" என்றார் கிளாரா அன்ரி.

கைகள் இரண்டும் நிறைந்திருந்ததால் நான் கால் விரலால் கதவைத் தட்டினேன். கழுத்தில் அளவு நாடாவோடு ரீட்டா அக்கா திறந்தார், சுரூபத்தைப் பார்த்தார், எனக்குப் பின்னால் நின்ற மெழுகுதிரிகளைப் பார்த்தார். பாட்டு ஒவ்வொரு குரலாகக் குறைந்து நின்றது.

"பிள்ளைக்கு வீடு மாறிப்போட்டுது. வா, அடுத்த வீடு" என்றார் கிளாரா அன்ரி. அது அன்பான வார்த்தை. நான் தலையாட்டித் திரும்பியிருந்தால் எல்லாம் சின்னப்பிள்ளையின் தவறாக முடிந்திருக்கும்.

"மாறேல்ல அன்ரி" என்றேன். "ஒன்பதுக்குப் பிறகு பத்து."

"கணக்குச் சரிதானே" என்றார் பின்னால் நின்ற அன்ரன் மாமா. பேலியகொடை மீன் சந்தையில் வேலை செய்யும் அவர் பன்னிரண்டாம் இலக்க வீட்டுக்காரர். "விடியப்புறத்திலயிருந்து நிண்ட கால் இது. ஏதாவது ஒரு வீட்டுக்குள்ள போவமே."

"அன்ரன், நீங்க வாயை மூடுங்கோ. உங்களில இன்னும் மீன் மணக்குது."

"மாதாவின்ர மகனோட திரிஞ்சவையும் மீன்காரர்தானே ரீச்சர்."

யாரோ சிரித்தார்கள். கிளாரா அன்ரி சிரிக்கவில்லை. "விருப்பமான ஆக்கள் என்னோட வாங்கோ" என்று சொல்லி நடந்தார். ஏறத்தாழ எல்லாரும் அவர் பின்னே போனார்கள். அன்ரன் மாமா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அம்மா உள்ளே வரவுமில்லை, அவர்களோடு போகவுமில்லை; மெழுகுதிரியோடு வாசற்படியிலேயே நின்றார்.

வீட்டுக்குள் ஒன்றும் ஆயத்தமாக இருக்கவில்லை. "எண்ட நங்கி, எண்ட" என்று சிங்களத்தில் என்னை உள்ளே அழைத்த சுனில், சுரூபத்தை வாங்கக் கை நீட்டினார். பிறகு கைகளைத் தானே பார்த்து, "கழுவிட்டு வாறன்" என்று உள்ளே போய்ச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தார். இருந்த ஒரே மேசை தையல் மெசின்தான். கத்தரிக்கோலையும் நூற்கட்டைகளையும் ஒதுக்கி மாதாவை அதில் வைத்தோம். அப்போதுதான் ரீட்டா அக்கா என்னிடம் முதன்முறையாக வாய் திறந்தார்.

"என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே நீ? நீ சின்னப்பிள்ளை, உன்னை மன்னிச்சிருவினம். நான் இவையின்ர உடுப்பைத் தைச்சுத்தான் சாப்பிடுறன்."

திரும்பத் தூக்கிக்கொண்டு போகட்டுமா என்று கேட்டேன்.

"வந்தவவை நான் போகச் சொல்லமாட்டன்" என்றார். பிறகு முழந்தாளிட்டார்.

செவ்வாய்க்கிழமையாதலால் துக்க தேவ இரகசியங்கள். முதற்பாதியை அன்று ரீட்டா அக்கா சொன்னார். நாங்கள் மறுமொழி சொன்னோம். அவர் குரல் முதல் பத்து மணிகளுக்குள் மூன்றுமுறை உடைந்தது. உடைந்த இடத்திலேயே பிடித்து மீண்டும் தொடர்ந்தார். பதினோராம் இலக்கத்தில், வெள்ளைச் சரிகை விரித்த வெறும் மேசைக்கு முன்னால் மற்றவர்கள் வேகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அங்கே மூன்றாம் இரகசியமான முள்முடிக்கு வந்துவிட்டபோது நாங்கள் இன்னும் முதலாவதான பூங்காவனத்தில் இருந்தோம். ஒரே ஒழுங்கையில் இரண்டு செபமாலைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு எழுந்தன. கடவுளுக்கு இரண்டும் கேட்டிருக்கும். எனக்கு ஒன்றுதான் கேட்டது. மொட்டைமாடியில் நான் காதைக் கொடுத்துக் காத்திருந்த அந்தக் காலடி, நான் எதிர்பார்த்த பக்கத்திலிருந்து வரவில்லை. நூல் மணக்கும் அந்த அறையில், என்மேல் கோபத்தோடிருந்த ஒரு பெண்ணின் குரலில் வந்தது.

வீட்டுக்குத் திரும்பியதும் அம்மா ஒரு துணிப்பையை எடுத்து என் முன்னே வைத்தார். "விடிய அஞ்சரைக்கு, ஆக்கள் எழும்ப முதல், மாதாவை இதுக்குள்ள வைச்சுக் கொண்டுபோய்க் கிளாரா அன்ரியிட்டக் குடுத்திட்டு மன்னிப்புக் கேள். இல்லையெண்டா அன்ரி சிஸ்டரிட்டச் சொல்லி உறுதிப்பூசுதலில இருந்து உன்ர பேரை எடுப்பிப்பாவாம்." பிறகு, "நடந்ததை நடக்காததா விடுவம் எண்டு சொல்லுறா. நல்ல மனுசி" என்றும் சொன்னார். நடந்ததை நடக்காததாக விடுவது. அவர்கள் கேட்டது அவ்வளவுதான். ஒரு பையில் அடங்கக்கூடியது.

இன்று அந்த ஒழுங்கை பழையபடி இல்லை. பதினைந்து மாடிக் கட்டடமொன்றுக்காக ஒரு பக்கத்து வீடுகளை இடித்துவிட்டார்கள். ரீட்டா அக்காவும் சுனிலும் முகத்துவாரத்துக்குக் குடிபோய்விட்டார்கள். ஒக்டோபர் செபமாலை இப்போது தொலைபேசித் திரையில் நடக்கிறது. அவரவர் வீட்டில் அவரவர் ஒலிவாங்கியை மூடிவைத்துச் சொல்கிறார்கள். எந்த வீட்டைத் தாண்டிப்போவது என்ற சங்கடம் அதில் இல்லை. எந்த வீட்டுக்குள் முழந்தாளிடுவது என்ற கேள்வியும் இல்லை. அந்த வருடம் எனக்கு உறுதிப்பூசுதல் கிடைக்கவில்லை, அடுத்த வருடம் கிடைத்தது. கிளாரா அன்ரி பத்தாம் இலக்க வீட்டுக்குள் வரவில்லை. மாதா அங்கே இரண்டு இரவுகள் தங்கினார். பத்தொன்பதாம் திகதி அன்ரன் மாமா வந்து முழந்தாளிட்டு எடுத்துப்போனார். அப்படியாக அந்த வருடம் மாதா போகாத ஒரே வீடு பதினொன்று. அதை நான் வெற்றியாக எண்ணியதில்லை. வாசல் திறந்துதான் இருந்தது. பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படிக்கும் நான் இன்றும் தினமும் பத்து நிமிடம் அமர்கிறேன். சில நாள் காகங்கள்தான். ஆனால் அந்த விருப்பம் குறையவில்லை. கீழ்ப்படிந்திருந்தால் அது வளர்ந்திருக்கும் என்று சொல்பவர்களோடு நான் வாதிடுவதில்லை, உடன்படுவதுமில்லை.

இவையெல்லாம் பின்னர் நடந்தவை. பதினெட்டாம் திகதி காலை ஐந்தரை மணிக்கு இவற்றில் ஒன்றும் எனக்குத் தெரியாது. துணிப்பையை எடுத்துக்கொண்டு முதலில் ரீட்டா அக்காவின் கதவைத் தட்டினேன். பையைக் கண்டதும் அவர் முகம் இறுகியது.

"எடுக்க வந்தனியோ?"

"இல்லை அக்கா. உங்களிட்டக் கேக்காமல் செய்ததுக்கு மன்னிப்புக் கேக்க வந்தனான்."

அவர் "சரி, போ" என்றார்.

அடுத்து பதினோராம் இலக்கம். கிளாரா அன்ரி விழித்திருந்தார்; கதவைப் பாதி திறந்து, ஒழுங்கையின் இரு பக்கமும் பார்த்து, பைக்காகக் கை நீட்டினார். நான் வெறும் பையை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

"மாதா ரீட்டா அக்கா வீட்டில இருக்கிறா அன்ரி" என்றேன். "பின்னேரம் ஆறு நாற்பதுக்கு வாங்கோ. உள்ளுக்கு வந்து எடுக்கிறதுதானே முறை."