அக்கா உளறவில்லை

அக்காவுக்குப் பக்கவாதம் வந்தபோது நான் கம்பெனி வேலையாக ஓசூரில் இருந்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்கு வர முடிந்தது. அக்காவின் மகள் வராந்தாவிலேயே எதிரே வந்தாள்.

"அம்மாக்கு நாங்க பேசுறது எதுவும் புரியல மாமா. அதுபாட்டுக்கு ஏதோ உளறிக்கினே கீது. டாக்டரும் அப்டித்தான் இருக்கும்னாரு."

உள்ளே போனேன். அக்காவின் வலது கை துவண்டு கிடந்தது. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தாலும் சொற்கள் பிசகாமல் வந்தன. குளிருகிறது, காலைப் போர்த்திவிடுங்கள் என்றாள். எங்கள் மொழியில். இரண்டு நாளாக அதையேதான் சொல்லியிருக்கிறாள்.

நாங்கள் குறும்பர்கள். குன்னூருக்குக் கீழே மலைச்சரிவில் பிறந்தவர்கள். எங்கள் பேச்சுக்கு எழுத்து கிடையாது; பேசுகிறவர்களும் குறைவு. அக்கா கல்யாணமாகி, கணவரின் தொழிற்சாலை வேலையோடு ஆவடி குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். பின்னால் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை கிடைத்து நானும் வந்து சேர்ந்தேன்.

மகளை எல்.கே.ஜி.யில் சேர்த்த வருடம், குழந்தை வகுப்பில் வாயே திறப்பதில்லை என்று டீச்சர் கூப்பிட்டனுப்பினார். வீட்டில் என்ன பாஷை பேசுகிறீர்கள் என்று அக்காவிடம் கேட்டிருக்கிறார். அன்று சாயங்காலம் நான்தான் சொன்னேன்: "இனிமே புள்ளகிட்ட தமிழ்லயே பேசுக்கா. நம்ம பேச்ச வெச்சு அவ இங்க என்ன பண்ணப்போறா?"

அக்கா மறுக்கவில்லை. மகளிடம் நிறுத்தினாள். கொஞ்ச காலத்தில் எங்கள் இருவருக்குள்ளும் அது நின்றுபோயிற்று. கணவர் இறந்தபோதுகூட அவள் தமிழில்தான் என்னிடம் அழுதாள்.

இது உளறல் இல்லை, எங்கள் மொழி என்று நான் சொன்ன பிறகு, பக்கவாதத்தில் சிலருக்குப் பின்னால் கற்றது போய், முதலில் பேசியது மட்டும் நிற்கும் என்று டாக்டர் விளக்கினார். நான் குனிந்து, "வந்துட்டேன்" என்று எங்கள் மொழியில் சொன்னேன். நாக்கு தடுமாறியது. அக்கா என்னைப் பார்த்து, இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தாய் என்று கேட்டாள்.

ஊசி போட வந்த நர்ஸ், "இன்னா பாஷை சார் அது, மலையாளமா?" என்றாள்.

"இல்லம்மா. எங்க பாஷை."

"அம்மா என்ன சொல்லுது மாமா?" என்றாள் மகள்.

"குளிருதாம். கால மூடச் சொல்லுது."

அவள் போர்வையை இழுத்து இரண்டு காலையும் மூடினாள். பிறகு வெளியே போய்விட்டாள். நாலு வயது வரை அவளும் அந்த மொழியில்தான் பேசினாள். ஒரு சொல்கூட அவளுக்கு நினைவில்லை.

அக்காவை வீட்டுக்குக் கொண்டுவந்த பின் ஐந்து வாரம் உயிரோடிருந்தாள். தினமும் வேலை முடிந்து ஆவடிக்குப் போவேன். தண்ணீர், வலிக்கிறது, திருப்பிப் படுக்க வை, விளக்கை அணை. இதற்கெல்லாம் எங்கள் மொழியில் என்ன சொல் என்று மகள் என்னிடம் கேட்டுத் தமிழ் எழுத்தில் எழுதிக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒட்டினாள். அவள் உச்சரிப்பைக் கேட்டு அக்கா ஒருமுறை சிரித்தாள். கோணிய வாயோடு சிரித்த அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அக்கா இறந்த அன்று காலை நான் கம்பெனியில் இருந்தேன். ஓடிப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"என் கையப் புடிச்சிக்கினு ரொம்ப நேரம் பேசுச்சு மாமா," என்றாள் மகள். "ஒட்டி வெச்சதுல இருக்கிற வார்த்த எதுவும் வரல. போன எடுத்து ரெக்கார்ட் பண்ணணும்னுகூட எனக்குத் தோணல."

காதில் நின்றதை எனக்குச் சொல்லிக் காட்டினாள். மூன்று நான்கு ஓசைகள். நானும் பல விதமாகச் சேர்த்துப் பார்த்தேன். 'மகள்' என்ற ஒரு சொல் மட்டும் பிடிபட்டது. அதையும் அவளுக்காக நானே கேட்டதாக நினைத்துக்கொண்டேனோ என்னவோ.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கள்ளிக்குப்பத்தில் இருக்கும் என் வீட்டுக்கு நோட்டுப் புத்தகத்தோடு வருகிறாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் சின்ன வயதில் ஊரில் பேசிய சொற்கள்தான். பாதிக்கு மேல் மறந்துவிட்டது. குன்னூர்ப் பக்கம் இருக்கும் உறவுக்காரர்களுக்குப் போன் போட்டுக் கேட்கிறோம். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் தமிழில்தான் பேசுகிறார்கள்.

வார நாட்களில் அவள் போன் செய்தால், சாப்பிட்டீர்களா என்று எங்கள் மொழியில் ஆரம்பிப்பாள். சாப்பிட்டேன், நீ, என்பேன். வேலை எப்படி என்பாள். அதற்குப் பிறகு இரண்டு பேருக்குமே வார்த்தை வராது. தமிழில் பேசத் தொடங்குவோம்.