என்ஜின் அறையில் வைத்த ஈயம்

பிள்ளைகளே, கோவில்பட்டியில் என் பட்டறைக்கு ஓய்வுபெற்ற ரயில் டிரைவர் ஒருவர் வருவார். ஒல்லியான மனிதர், முன்கையெல்லாம் பழைய சூட்டுத் தழும்பு. தண்ணீர் கொதித்து, நிஜமான நீராவியில் ஓடும் ஒரு முழ நீள என்ஜினைத் தன் தோட்டத்தில் ஓட்டுவார். கிளப்புமுன் ஒவ்வொரு தடவையும் குனிந்து தண்டவாளத்தைப் பார்ப்பார்.

டிரைவர் நிற்கிற அறை மொட்டையாக இருக்கிறதென்று, ஒரு லீவரும் மீட்டரும் செய்யச் சொன்னார்.

“அண்ணாச்சி, பித்தளைப் பத்து வச்சே ஒட்டுங்க. பின்னாலயே அடுப்பு, ஈயம் தாங்காது.”

“எறும்பா வந்து ஓட்டப் போவுது?” என்றேன்.

“எறும்புன்னாலும் டியூட்டி டியூட்டிதான்.”

எனக்கு வேறு அவசர வேலை. ஈயம் வைத்தே ஒட்டிக் கொடுத்துவிட்டேன். மறுவாரம் ஈயம் உருகிக் கழன்று விழுந்த இரண்டையும் தாளில் மடித்துக் கொண்டுவந்தார். அவர் வாய் திறக்குமுன், “தீயக் கூட்டிட்டியளோ?” என்று கேட்டுவிட்டேன்.

“அப்படித்தான் இருக்கும். ஒங்க வேலையக் கெடுத்துட்டேன், மன்னிச்சிருங்க.”

அப்புறம்தான் பித்தளைப் பத்து வைத்து ஒட்டிக் கொடுத்தேன். ஒருநாள் ஓட்டிக் காட்டக் கூப்பிட்டார். என்ஜினுக்கு அடுப்பாக எரியும் விளக்கின் திரியைப் பாதியாகக் குறைத்திருந்தார். சின்ன மேட்டில் என்ஜின் ஏற முடியாமல் நின்றது.

“மெதுவாப் போவட்டும். ஒங்க லீவரு நல்லாயிருக்கணும்லா” என்று விரலால் தள்ளினார்.

தீயை முழுதாக வையுங்கள் என்று சொன்னால் போதும். ஆனால் அப்போது முதலில் ஏன் உருகியது என்று கேட்பாரே. நானும் குனிந்து ஒரு விரல் கொடுத்தேன்.