சிவப்பு எரிந்தால் தொடாதவள்

சந்தனமாரி திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் லைனில் நின்றவள். மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்தால் யாரும் கை வைக்கக் கூடாது, சூப்பர்வைசரைக் கூப்பிட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அவசரக்குடுக்கை, ஒருநாள் கை வைத்தாள். வேலை போயிற்று.

அப்புறம்தான் ஸ்ரீபெரும்புதூரில் கொரியாக்காரர் லிம் வீட்டில் சமையல் வேலை கிடைத்தது. மகராசன், முகம் சுளித்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்தச் சம்பளத்தில்தான் ஊரில் மகள் கனிஷ்கா படித்தாள்.

2013இல் லிம் தன் ஊருக்குப் போய்த் திரும்பியபோது, தானாகவே தரை பெருக்கும் ரோபோ ஒன்றைக் கொண்டுவந்தார். சோற்றுத் தட்டு போல வட்டமாக இருந்தது. கொரிய மொழியில் ஏதோ சொல்லிவிட்டுப் பெருக்கும். ஏதோ சொல்லிவிட்டு நிற்கும். என்ன சொல்கிறது என்று சந்தனமாரி கேட்கவுமில்லை, அவளுக்கு யாரும் சொல்லவுமில்லை.

லிம் விருந்துக்கு ஆட்களை அழைத்திருந்த ஒரு சாயங்காலம், அது சமையலறை வாசலில் நின்றுகொண்டு சிவப்பாகச் சிமிட்டியது. விடாமல் பேசியது. அவள் லிம்மின் டிரைவர் பாபுவுக்குப் போன் போட்டாள். அவன் போனைக் கம்பெனி கேட்டில் வாங்கி வைத்திருந்ததால் யாரும் எடுக்கவில்லை. உள்ளே பாதி நறுக்கிய காய் கிடந்தது. தாண்டிப் போகக்கூட அவளுக்குத் துணிவு வரவில்லை. விருந்தாளிகளோடு லிம் வந்து நின்றபோது அடுப்பே பற்றவைக்கவில்லை.

"இன்னாக்கா இது, சமைக்கலையா?" என்றான் பாபு.

"சிவப்புல்லா எரியுது! தொட்டா வேலை போயிரும்லா? சார், என்னைய வேலைய விட்டுத் தூக்கிராதிய!" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். பாபு அதை ஆங்கிலத்தில் சொன்னான்.

லிம் குனிந்து ரோபோவைத் திறந்தார். உள்ளே குப்பை நிறைந்து, அவள் தலைமுடியே பந்தாகத் திரண்டு கிடந்தது. அதைக் கொட்டச் சொல்லித்தான் இத்தனை நேரமும் கத்தியிருக்கிறது. விருந்தாளிகள் சிரித்தார்கள். லிம் சிரிக்கவில்லை. அவள் பக்கம் திரும்பித் தலை தாழ்த்தி ஏதோ சொன்னார்.

"அது இன்னா சொல்லுதுன்னு உனக்குச் சொல்லிக் குடுக்காதது அவரு தப்பாம்க்கா. மன்னிச்சிக்கோன்றாரு" என்றான் பாபு.

விருந்தாளிகளுக்குக் கடையிலிருந்து பரோட்டா வாங்கிவர ஆள் அனுப்பிவிட்டு, லிம் அவளோடு தரையில் உட்கார்ந்து, பாபு மூலமாக ஒவ்வொரு சத்தத்துக்கும் அர்த்தம் சொல்லிக்கொடுத்தார். வேலை போகவில்லை என்பது அப்போதுதான் அவள் மனதில் ஏறியது.

அறைக்குப் போனதும் மகளுக்குப் போன் போட்டாள். வேலை தப்பியதைச் சொல்லத்தான் போட்டாள். சொல்ல வந்ததோ வேறு.

"ஏட்டி, எங்க சார் என்கிட்ட மன்னிப்புக் கேட்டாவட்டி" என்றாள். அதற்குமேல் பேச முடியாமல் அழுதாள்.