அந்தரத்தில் ஒரு புளியம்பழம்

இந்த ஊரில் எனக்கு ஒரு காட்டைக் காவல் காக்கும் வேலை. நாலு முழ அகலக் காடு. ஆண்ட்வெர்ப்பில் ஓர் ஓவியக்கூடத்தின் சுவரில் சட்டத்துக்குள் இருக்கிறது. யாராவது மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தால் எழுந்துபோய், "அல்ஸ்துப்லீஃப்த்" என்று தயவாகச் சொல்லித் தள்ளி நிற்கவைக்க வேண்டும். பழைய ஃப்ளெமிஷ் ஓவியம். வரைந்தவர் மரங்களோடு நிறுத்தவில்லை. ஒருவன் கோடரியை ஓங்கியிருக்கிறான், ஒருத்தி சுள்ளிக்கட்டோடு குனிந்து போகிறாள், பன்றிகள் மரத்தடியில் கொட்டை பொறுக்குகின்றன. முதல் நாள் பார்த்ததும், அட, நம்ம ஊர் நாட்றாம்பாளையம் என்று சிரித்துவிட்டேன்.

உடன் வேலை செய்யும் லீஸ்பெத் ஏன் சிரிக்கிறாய் என்றாள். என் அம்மாவும் இப்படித்தான் தினமும் காட்டுக்குப் போவாள் என்றேன். "தினமுமா! எவ்வளவு அமைதியாக இருந்திருக்கும்!" என்று கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்குக் காடு என்றால் ஞாயிற்றுக்கிழமை நாயோடு நடக்கிற இடம். அஞ்செட்டி மலையில் விறகுக்குப் போகிறவர்களுக்கு முன்னால் யானை, பின்னால் பாரஸ்ட் கார்டு. அமைதியாவது மண்ணாவது! அதையெல்லாம் சொல்லும் அளவுக்கு என் டச்சு ஓடாது, தலையை ஆட்டிவைத்தேன்.

காட்டை ஒட்டிய எங்கள் மேட்டு நிலத்தில் அப்பா வைத்த புளியமரங்கள் ஏழு. ஓசூர் கம்பெனியில் ஷிப்ட் பார்த்த காலத்திலும் புளி உலுக்கும் நாளில் லீவு போட்டு ஓடுவேன். மனைவியின் வேலைக்காக இங்கே வந்தபோது, கரண்ட் கனெக்‌ஷனுக்கு அலைய ஆள் வேண்டுமே என்று அண்ணன் பேருக்கு நிலத்தின் பவர் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினேன். கூடப்பிறந்தவனுக்குக் கொடுக்கிற பத்திரத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன் எங்கள் பக்கம் உண்டா? மகள் படிப்பு முடிந்ததும் திரும்பிப் போய் அந்த மரத்தடியில் வீடு கட்டுவது என்றுதான் இத்தனை குளிர்காலத்தையும் தள்ளினேன்.

ஒவ்வொரு மாசியிலும் அண்ணன் ஒரு போட்டோ அனுப்புவார். மேலே ஒருவன் கிளையை உலுக்க, கீழே அண்ணி முந்தானையைச் செருகிக்கொண்டு பொறுக்கும் படம். "இந்த வருசம் நல்ல காய்ப்புடா" என்று கூடவே குரலும் வரும்.

ஒரே படத்தை நாள் முழுக்கப் பார்க்கும் வேலை என் கண்ணைக் கெடுத்துவிட்டது. இந்த மாசியில் வந்த போட்டோவில், கிளைக்கும் தரைக்கும் நடுவே ஒரு புளியம்பழம் விழுந்துகொண்டிருந்தது. எங்கோ பார்த்த பழம். போன வருடப் படத்தை எடுத்தேன். அதிலும் அதே பழம், அண்ணியின் தலைக்கு அதே ஒரு சாண் மேலே. அதற்கு முந்தைய வருடப் படத்திலும் அப்படியே. ஓரங்களை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கியிருந்தார்.

மதிய இடைவேளையிலேயே போன் போட்டேன்.

"அண்ணா, மரம் இருக்குதா?"

"வெட்டி ரெண்டு வருசம் ஆச்சுடா. பெங்களூர்காரங்க காடு பாக்க வர்றாங்க, தங்கறதுக்கு ரூம் கட்டியிருக்காங்க. நெலமும் அவங்க பேருக்கு ஆயிடுச்சு. சொன்னா நீ அங்க தனியா உக்காந்து அழுவியேன்னுதான்…"

"அண்ணிகூட ஒரு வார்த்த சொல்லலியே."

"போட்டோ அனுப்பச் சொன்னதே அவதாண்டா."

நான் அழவில்லை. விற்றதைக்கூட என்றாவது மன்னித்துவிடுவேன். இல்லாத மரத்தைப் பற்றி, "நல்ல காய்ப்புடா" என்று அவ்வளவு பாசமாகச் சொன்ன குரலை எப்படி மன்னிப்பது?

இடைவேளை முடிந்து திரும்பினேன். ஒரு பெரியவர் மூக்கை ஒட்டி நின்றிருந்தார்; தள்ளி நிற்கச் சொன்னேன். சட்டத்துக்குள் ஓங்கிய கோடரி இன்னும் இறங்கவில்லை; யாருடைய மரமோ, பத்திரமாக நின்றது. அண்ணன் அனுப்பிய படத்தை அழிக்க விரல் போனது, முடியவில்லை. பழம் கிளையை விட்டுவிட்டது. விழுவதற்குக் கீழே இருக்கும் தரை இனி எங்களுடையதில்லை.