முடியாது என்று நிரூபிக்க வேண்டும்

போன வாரம் ஒரு காலை. என் கணவர் சேகரன் வாஷிங் மெஷினிலிருந்து துணிகளை எடுத்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது. தொழிலாளர் காப்புறுதி அலுவலகத்திலிருந்து ஒரு பெண். மேல்முறையீடு ஏற்கப்பட்டுவிட்டது, இயலாமை ஓய்வூதியம் கிடைக்கும் என்று மலாயில் சொல்லி, வாழ்த்தும் சொன்னார்.

"தெரிமா காசே, புவான்" என்று நன்றி சொல்லி இவர் போனை வைத்தார். கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். ஒவ்வொரு துணியாக உதறி, நிதானமாகக் காயப்போட ஆரம்பித்தார்.

நான் வாசலில் நின்று பார்த்தேன்.

"சந்தோஷமா இல்லையா?"

"இருக்கு. ஆனா, இனிமே உன்னால வேல செய்ய முடியாதுன்னு முத்திரை குத்திக் குடுத்திருக்காங்க. அதுக்கு எப்படி சிரிக்கிறது, சொல்லு."

இந்த முத்திரைக்காகத்தான் ஒரு வருடத்துக்கு மேல் அலைந்தோம். கொஞ்ச நாளாக என் பத்தியில் ஓர் அவசரம் தெரிகிறது என்று சில வாசகர்கள் கேட்டிருந்தீர்கள். காரணம் இதுதான். பாதிப் பத்திகளை மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்து எழுதினேன்.

சேகரன் பாசிர் கூடாங்கில் ஓர் இரும்புத் தொழிற்சாலையில் கிரேன் ஓட்டினார். கூரைக்குக் கீழே தொங்கும் சின்னக் கேபினில் உட்கார்ந்து, இரும்புக் கட்டுகளைத் தூக்கி லாரியில் வைக்கும் வேலை. எங்கள் வீடு இருக்கும் கூலாயிலிருந்து ஃபேக்டரி பஸ்ஸில் போய் வருவார். நாற்பத்தாறு வயது. பார்த்தால் திடகாத்திரமான ஆள்... அதுதான் பிரச்சினையே.

அவருக்கு நாள்பட்ட கணைய அழற்சி. கணையம் என்பது இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் உறுப்பு. நன்றாக இருக்கும்வரை அப்படி ஒன்று இருப்பதே நமக்குத் தெரியாது. கெட்டுப்போனால், மேல்வயிற்றில் தொடங்கும் வலி முதுகைத் துளைத்துக்கொண்டு போகும். முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு தரையில் சுருண்டு படுப்பார். மறுநாள் எழுந்து ஷேவ் செய்துகொண்டால், பார்க்கிறவர்களுக்கு ஒன்றுமே தெரியாது.

கணையம் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது என்ன தெரியுமா? குடிப்பாரா?

சேகரன் குடிப்பதில்லை. கல்யாண வீட்டில்கூட ஐஸ் மைலோதான். இவருக்கு ஏன் வந்தது என்று தெரியவில்லை என டாக்டர்களே சொல்லிவிட்டார்கள். ஆனாலும் என் தம்பி ஒருநாள் சமையலறையில் வந்து மெதுவாகக் கேட்டான்.

"அக்கா, மறைக்காம சொல்லு. மச்சான் யாருக்கும் தெரியாம குடிக்கிறாரா?"

பக்கத்து அறையில் படுத்திருந்தவர் காதில் அது விழுந்துவிட்டது. அன்றிலிருந்து வலியைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டார். யார் கேட்டாலும் ஒரே பதில் — "ஓகேதான்." சொன்னால் குடிகாரன் என்பார்கள், சொல்லாவிட்டால் நல்லாத்தானே இருக்கிறார் என்பார்கள். இரண்டில் எது தேவலை?

நோய்விடுப்பெல்லாம் தீர்ந்துபோய், கம்பெனியும் வேலையிலிருந்து நிறுத்திய பிறகு ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்தோம். மருத்துவக் குழு கூப்பிட்டது. டாக்டர்களைப் பார்க்கப் போகிறாரே என்று நான் நல்ல சட்டையாக எடுத்து அயர்ன் பண்ணிக் கொடுத்தேன். முடிவெட்டி, பவுடர் போட்டு, பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி போனார்.

உள்ளே போனவர் சீக்கிரமே வெளியே வந்துவிட்டார்.

"என்ன கேட்டாங்க?"

"இப்ப எப்படி இருக்குன்னு கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"ஓகே டாக்டர்னு சொன்னேன்."

பிறகென்ன? வேலை செய்யக்கூடியவர் என்று விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். அவர்களை மட்டும் குறை சொல்லி என்ன செய்ய? நம் ஆட்கள் பலருக்கு இந்தப் பழக்கம் உண்டு. இவருடைய அப்பா லாபிஸ் பக்கம் எஸ்டேட்டில் காய்ச்சலோடு பெரட்டுக்கு, அதாவது விடியற்காலை ஆள் கணக்கெடுப்புக்குப் போய்ப் பெயர் கொடுத்தவர். முடியவில்லை என்று சொன்னால் அன்றைய சம்பளம் போச்சு. அந்த வீட்டில் வளர்ந்தவர் வேறு எப்படிப் பேசுவார்?

மேல்முறையீடு செய்யச் சொன்னவர் மருத்துவமனையின் சமூகநல அதிகாரி, ஒரு மலாய்ப் பெண்மணி. அவர் சேகரனிடம் அமைதியாகச் சொன்னார். "உங்க வயிறு அவங்க கண்ணுக்குத் தெரியாது. நல்லா இருக்கிற நாளைப் பத்தி யாரும் கேட்கல. மோசமான நாள் எப்படி இருக்கும்னு சொல்லுங்க." இவர் தலையாட்டினார். சொல்வார் என்று எனக்கு நம்பிக்கையில்லை.

இரண்டாவது குழு முன்னால் போனபோது என்னையும் உள்ளே விட்டார்கள். நடுவில் உட்கார்ந்திருந்தவர் வயதான சீன டாக்டர், ஒரு பெண். ஸ்கேன் படங்களைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: கிரேன் ஓட்டுவதை நிறுத்தச் சொன்னது யார்? கம்பெனியா, டாக்டரா?

"நான்தான்" என்றார் இவர்.

எனக்கே அது புதுச் செய்தி. கம்பெனி ஸ்டோருக்கு மாற்றிவிட்டதாகத்தான் வீட்டில் சொல்லியிருந்தார்.

ஏன் என்று டாக்டர் கேட்டார். இவர் தரையைப் பார்த்தார். நான் கையைத் தொட்டேன். பிறகு மெதுவாகப் பேச ஆரம்பித்தார். மலாயில்தான் சொன்னார்... எனக்குத் தமிழிலேயே கேட்டது.

ஒரு மத்தியானம். இரும்புக் கட்டு அந்தரத்தில் தொங்குகிறது. வலி வந்துவிட்டது. லீவரில் இருந்த கை தானாக விலகி வயிற்றைப் பிடித்துக்கொண்டது. கேபினுக்குள் மடங்கிக் கிடக்கிறார். கட்டு ஆடுகிறது. கீழே தரையில் போட்டிருக்கும் எல்லைக் கோட்டைத் தாண்டி இரண்டு வங்காளதேசத் தொழிலாளர்கள் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டே கட்டுக்கு அடியில் நடந்து போகிறார்கள். கத்தக்கூட இவருக்குக் குரல் வரவில்லை. அவர்கள் போய்விட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. அவர்களுக்குத் தெரியவும் தெரியாது. வலி கொஞ்சம் விட்டதும் கட்டை இறக்கிவைத்து, ஏணியில் இறங்கி, இனிமேல் மேலே ஏறமாட்டேன் என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டார்.

"எனக்கு வலிச்சா நான் தாங்கிக்குவேன், டாக்டர். கீழ நிக்கிறவன் வீட்டுக்குப் போகணுமில்ல?"

அந்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "இதைப் போன முறையே சொல்லியிருக்கலாமே" என்றார். கோபமாக இல்லை.

"யாரும் கேட்கல, டாக்டர்."

பிறகு அவர் விடாமல் கேட்டார். ஒரு வாரத்தில் எத்தனை நாள் படுத்திருக்கிறீர்கள், என்ன சாப்பிட முடிகிறது, உட்கார்ந்து செய்கிற வேலையாவது முடிகிறதா என்று. இவரும் மறைக்காமல் சொன்னார்.

வீடு திரும்பும்போது காரை நான்தான் ஓட்டினேன். ஹைவேயில் ஏறியதும் கேட்டேன்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா உனக்குத் தூக்கம் போயிருக்கும்."

"நீங்க மட்டும் தூங்குனீங்களா?"

"அந்த ரெண்டு பேரும் ரொம்பச் சின்னப் பசங்க" என்றார். ஓய்வுப் பகுதியில் காரை நிறுத்தினேன். அவர் அழுது முடிக்கும்வரை அங்கேயே இருந்தோம்.

பள்ளிக்கூடத்திலிருந்து நாம் எழுதும் பரீட்சை எல்லாம் 'என்னால் முடியும்' என்று காட்டுவதற்குத்தான். இது ஒன்றுதான் தலைகீழ். இதில் பாஸ் ஆனவர் துணி காயப்போடத்தான் போவார், கேக் வெட்டமாட்டார். அவருக்கு வேண்டியது பணம் மட்டுமில்லை என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. நீ சொல்வது உண்மை என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது. உங்கள் வீட்டிலும் "ஓகேதான்" என்று சொல்லிக்கொண்டு ஒருவர் இருக்கலாம். இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாங்கள் எங்கள் குடியிருப்பான தாமானைச் சுற்றி நடந்தோம். நான்கு வீடு தள்ளி இருப்பவர் தன் வீட்டு கேட் அருகில் நின்று, "என்ன சேகர், இன்னிக்கு ஷிஃப்ட் இல்லையா?" என்றார்.

"இல்லண்ணே. எனக்குக் கணையத்துல வியாதி. வேலைய விட்டுட்டேன்."

குரலைத் தாழ்த்தாமல் சொன்னார்.

சொல்லிவிட்டு அவர் நடந்த வேகத்துக்கு என்னால்தான் ஈடுகொடுக்க முடியவில்லை.